பாஞ்சாலி கேட்ட கேள்வி

எங்கள் ஹவுசிங் சொசைட்டியின் ஸ்டில்ட்டில் ஏழாம் நம்பர் பார்க்கிங் என்னுடையது என்று நான்கு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். தாணேயில் ஃபிளாட் வாங்கியபோது அதற்கென்று பில்டருக்குத் தனியாக மூன்று லட்சம் கொடுத்தேன். கைக்கு வந்தது லெட்டர்ஹெட்டில் நாலு வரி. பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வேறு யாரும் வண்டியை விட்டுவிடக் கூடாதென்று தரையில் இரும்புத் தடுப்பு ஒன்றை போல்ட் அடித்துப் பூட்டியும் வைத்தேன்.

போன வருடப் பொதுக்குழுவில் தீர்மானம் வந்தது. பார்க்கிங் முழுக்க சொசைட்டிக்குச் சொந்தம், இடத்தைவிட வண்டிகள் அதிகம் என்பதால் வருடாவருடம் குலுக்கல். கடிதம் வைத்திருந்த பதினோரு பேரும் கொதித்துப்போனோம். வக்கீலைப் பார்த்தோம். அவர் ஜெயிப்போம் என்று சொல்லவில்லை. "கேஸ் போடுங்க, பத்து வருஷம் ஓடும். ஸ்டே கிடைச்சா அதுவரைக்கும் இடம் உங்க கையிலதான்" என்றார். அனுபவம் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத் தாமதமே லாபம். வக்காலத்தில் கையெழுத்துப் போட மறுநாள் மாலைவரை நேரம்.

அன்றிரவு அவர் போகிற போக்கில் சொன்ன தீர்ப்பைத் தேடிப் படித்தேன். மும்பை தஹிசரில் ஒரு கட்டடம், பெயர் பாஞ்சாலி. ஸ்டில்ட்டில் இருந்த 25 பார்க்கிங் இடங்களும் தன்னுடையவை, சொசைட்டி தலையிடக் கூடாது என்று கட்டிய நிறுவனம் வழக்குப் போட்டது. விற்கும்போதே, பார்க்கிங் பில்டருக்கே சொந்தம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று வாங்கியவர்களிடம் எழுதி வாங்கியும் இருந்தது. சிவில் கோர்ட்டில் தோற்று, ஹைகோர்ட்டில் தோற்று, கடைசியில் 2010 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டிலும் தோற்றது. மகாராஷ்டிரத்தின் 1963ஆம் வருடச் சட்டப்படி ஸ்டில்ட் பார்க்கிங் தனி ஃபிளாட்டும் இல்லை, மூன்று பக்கம் சுவர் உள்ள கராஜும் இல்லை. மாடிப்படி மாதிரி அதுவும் பொதுவிடம். பொதுவிடத்தைத் தனியாக விற்க பில்டருக்கு உரிமை இல்லை, எழுதி வாங்கிய சம்மதமும் சட்டத்தின் முன் நிற்காது.

கட்டடத்தின் பெயரைப் பார்த்ததும் சபையில் அவள் கேட்டது ஞாபகம் வந்தது. தன்னையே தோற்ற ஒருவன், அதன்பிறகு என்னை எந்த உரிமையில் பணயம் வைத்தான்? எல்லா ஃபிளாட்டையும் விற்றுமுடித்த பில்டரிடம் விற்க என்ன மிச்சம் இருந்தது? அங்கே பீஷ்மர், தருமம் நுட்பமானது என்று நழுவினார். இங்கே கோர்ட் நேராகவே பதில் சொல்லிவிட்டது. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. இந்தக் கதையில் நான் பாஞ்சாலி இல்லை. பணயத்தில் வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு தர மறுக்கிற தரப்பு.

மனைவியிடம் சொன்னேன். "அப்ப நாம குடுத்த மூணு லட்சம்?" என்றாள். பில்டர் போனை எடுப்பதில்லை. அவர்மேல் தனியாக வழக்குப் போடலாம், ஆனால் அந்த நாலு வரியில் தொகையே இல்லை.

இன்னொன்றும் உறுத்தியது. மூன்றாம் மாடி காகாவுக்குப் பார்க்கிங் கிடையாது. பழைய மாருதி எப்போதும் தெருவில் நிற்கும். போன மழையில் காகியை டயாலிசிஸ் முடித்து அழைத்துவந்தவர், கேட்டிலிருந்து குடை பிடித்துக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப்போனார். நான் ஆபீஸ் போயிருந்தேன். ஏழாம் நம்பர் காலியாக, பூட்டோடு இருந்தது. "சாவி குடு பேட்டா" என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. நானும் கொடுத்ததில்லை.

கையெழுத்துப் போடவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. தோற்கப்போகிற கேஸுக்கு மேலும் பணம் கட்ட மனசு வரவில்லை, அதுவும் உண்மை. மற்ற பத்துப் பேரில் ஆறு பேர் போட்டார்கள். லிஃப்டில் பார்த்தால் இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் இடங்களுக்கு ஸ்டே கிடைத்துவிட்டது. மீதி இடங்களுக்கு மட்டும் குலுக்கல் நடந்தது. எனக்கு விழவில்லை. காகாவுக்கும் விழவில்லை. ஏழாம் நம்பர் இரண்டாம் மாடியில் புதிதாக வந்தவருக்குப் போனது.

தடுப்பைக் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரோடு இறங்கினேன். துருப்பிடித்த போல்ட் அசையவே இல்லை. காகா பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் டிக்கியிலிருந்து எண்ணெய் கேனை எடுத்துவந்து பக்கத்தில் குந்தினார். முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு இரண்டு பேரும் தெருவுக்குப் போய், என் வண்டியும் நிற்கிற மாதிரி அவருடையதைக் கொஞ்சம் முன்னால் தள்ளினோம்.