ஒருமுறை கீறிய வயிறு

முதற் பிள்ளையை வயிறு கீறிப் பெற்றவள் அடுத்த பிள்ளையையும் அவ்வாறே பெறவேண்டும் என்பது எம்மவரிடையே எழுதாச் சட்டமாக நிலவுகிறது. படித்தவரும் பாமரரும் இவ்வளவு ஒருமைப்பட்ட விடயம் வேறொன்றை நாம் கண்டதில்லை.

இச்சட்டத்தின் பிறப்பைச் சிறிது ஆராய்ந்தோம். ஒருமுறை சிசேரியன் செய்தால் என்றும் சிசேரியனே என்று 1916ஆம் ஆண்டில் நியூயோர்க் மருத்துவர் எட்வின் கிறேகின் கூறினார். முதற் கீறலை இலேசாகச் செய்துவிடாதீர் எனத் தம் தொழிலினரை எச்சரிப்பதே அவர் நோக்கம். அக்காலத்திற் கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காகக் கீறினார்கள்; அடுத்த பேற்றுவலியில் அத்தழும்பு பிளக்கும் அபாயம் பெரிது. 1920களில் கிளாஸ்கோவின் மன்றோ கேர், கீழ்ப்பகுதியிற் குறுக்காகக் கீறும் முறையை முன்னெடுத்தார். கீறல் மாறிய பின்னரும் பழைய வாக்கியம் மட்டும் கட்டளையாக நிலைத்துவிட்டது.

நாம் இப்பொழுது எட்டாம் மாதத்தில் இருக்கிறோம். மூத்தவன் கால்கீழாகக் கிடந்தமையாற் கீறி எடுக்கப்பட்டான். இம்முறை பிள்ளையின் தலை கீழே இருக்கிறது. வீட்டுக்கு வரும் மருத்துவமாது கேட்ட முதற் கேள்வி இது: "ரீச்சர், போனமுறை எந்த இடத்தில வெட்டினவை எண்டு அட்டையில கிடக்கோ?" அலுமாரியிற் பிறப்புச் சான்றிதழோடு மடித்து வைத்திருந்த அட்டையில் நான்கே எழுத்துக்கள்: எல்.எஸ்.சி.எஸ். கருப்பையின் கீழ்ப்பகுதிக் கீறல் என்பது பொருள். தோலின் தழும்பு உள்ளிருக்கும் தழும்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அந்த அட்டையே சாட்சி.

பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இத்தகைய கீறலின் பின் இயல்பான பேற்றை நாடும் பெண்கள் நூற்றுவரில் 72 முதல் 75 பேர் அதனை எய்துகின்றனர். தழும்பு பிளப்பது இருநூற்றில் ஒருவருக்கு. அந்த ஒருவருக்கோ, தாயும் சேயும் பிழைப்பது நிமிடக் கணக்கில் தங்கியிருக்கிறது. மீண்டும் மீண்டும் கீறுவதிலும் ஆபத்துண்டு: ஒவ்வொரு கீறலின் பின்னும், அடுத்த கருவின் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேரோடி ஒட்டிக்கொள்ளும் சாத்தியம் கூடுகிறது.

"உனக்கேன் பிள்ளை இந்த விஷப்பரீட்சை?" என்கிறார் எமது தாயார். சோதிடரிடம் நாளும் குறித்தாயிற்று. நாள் குறித்துக் கீறுவதில் கட்டண வைத்தியசாலைகளுக்கும் வசதி உண்டு. பேற்றுவலி நேரசூசி பார்த்து வருவதில்லையே.

அமெரிக்காவில் நடந்ததை நோக்குக. முன்னர் கீறப்பட்ட பெண்கள் நூற்றுவரில் ஏறத்தாழ 28 பேர் 1996இல் இயல்பாகப் பெற்றனர். அவசரச் சத்திரசிகிச்சைக்கு வேண்டிய மருத்துவர் உடனடியாகக் கிடைக்கவேண்டும் என 1999இல் அங்குள்ள மகப்பேற்று மருத்துவர் சங்கம் விதித்தது. சிறிய வைத்தியசாலைகள் பல இத்தகைய பேறுகளையே கைவிட்டன. வழக்குகளின் அச்சமும் சேர்ந்தது. பத்து ஆண்டுகளுக்குள் அத்தொகை பத்துக்கும் கீழே இறங்கிற்று. பெண்களின் உடல் பத்தாண்டில் மாறிவிடவில்லை. விதி நியாயமானதே, ஆனால் அதனை நிறைவேற்றும் செலவை ஏற்க ஆளில்லாதபோது, தெரிவை இழந்தவர்கள் பெண்களே.

எமது நாட்டிற் பேற்றுக்கு அரச வைத்தியசாலை பணம் கேட்பதில்லை. இது சிறிய பேறன்று. எனினும் நெடுந்தீவிலிருந்து படகேறி வரவேண்டிய ஒருத்தியை எண்ணிப் பார்க்கிறோம். அவள் இயல்பான பேற்றை நாடினால், வலி காணுமுன்னரே ஊரை விட்டு வந்து விடுதியிற் காத்துக்கிடக்க வேண்டும். அதுவரை மூத்த பிள்ளைக்குச் சோறு போடுவது யார்? கடலுக்குப் போகாத கணவனின் நாட்கூலியைத் தருவது யார்? அவளிடம் போய்த் துணிவைப் பற்றிப் பேச எமக்கு வாய் வரவில்லை.

எமது வீட்டிலிருந்து ஆதார வைத்தியசாலைக்கு முச்சக்கர வண்டியில் இருபது நிமிடம். வரும் செவ்வாய்க்கிழமைக் கிளினிக்கிற் கேட்பதற்கு மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருக்கிறோம். நள்ளிரவிலும் சத்திரசிகிச்சைக் கூடம் இயங்குமா? மயக்கமருந்து வைத்தியர் வளவுக்குள்ளேயே தங்குகிறாரா? எமது வகை இரத்தம் கையிருப்பில் உண்டா?