வாங்குவோர் சிலர், பயன்பெறுவோர் பலர்



ஒரு நூலின் மதிப்பை அது விற்ற படிகளைக் கொண்டு அளக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. "இதற்கெல்லாம் சந்தை இருக்கிறதா?" என்று பெற்றோர் கேட்பதை நான் பலமுறை செவிமடுத்திருக்கிறேன். அக்கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவை, தொடக்கப்பள்ளிக்குச் சற்றும் தொடர்பில்லாத சில நூல்கள். கணினியின் 'டிவைஸ் டிரைவர்' எழுதக் கற்பிக்கும் நூல்களைத்தான் சொல்கிறேன். தமிழில் இதனைச் சாதன இயக்கி என்பர்.

பள்ளிக் கணினிக்கூடத்தில் அச்சுப்பொறி ஒன்றை இணைக்கிறோம். ஒவ்வோர் அச்சுப்பொறியின் தனிப்போக்கையும் இயங்குதளம் அறியாது. இரண்டுக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் சிறு நிரலே இயக்கி. இயக்கிகள் பல, கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் உட்பகுதியிலேயே செயற்படுகின்றன. சாதாரண நிரலில் பிழை நேர்ந்தால் அந்நிரல் மட்டும் நிற்கும். இங்கே பிழை நேர்ந்தாலோ கணினி முழுவதுமே முடங்கக்கூடும். எனவே இதனைத் துணிந்து எழுதுவோர் சிலரே. இதற்கென நூல் வாங்குவோர் அவர்களினும் சிலர்.

இத்துறையில் புகழ்பெற்றது 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்' என்னும் நூல். அலெஸ்ஸாண்ட்ரோ ரூபினி எழுதிய முதற்பதிப்பை ஓரெய்லி நிறுவனம் 1998இல் வெளியிட்டது. 2001இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஜோனதன் கார்பெட்டும், 2005இல் வந்த மூன்றாம் பதிப்பில் கிரெக் குரோவா-ஹார்ட்மனும் இணைந்தனர். விண்டோஸ் பக்கம் வால்டர் ஓனியின் நூல் 1999இல் வந்தது. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு பதிப்பு என்பதே அக்காலத்தில் பெரிய வேகம்.

ஆனால் கணினி அதனினும் வேகமாக ஓடியது. இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை லினக்ஸ் கெர்னலின் புதிய பதிப்பு வருகிறது. அதன் உட்புற இணைப்பு முறைகள் மாறாதிருக்கும் என்று அதனை உருவாக்குவோர் உறுதி அளிப்பதில்லை. மூன்றாம் பதிப்பு விளக்குவது 2.6.10ஐ, 2022இலேயே கெர்னல் 6.0ஐ எட்டிவிட்டது. இதற்கிடையே யூ.எஸ்.பி. போன்ற பொதுத்தரங்கள் பரவியதால், ஒவ்வொரு விரலிக்கும் விசைப்பலகைக்கும் தனி இயக்கி எழுதும் தேவையும் குறைந்தது. உழைப்போ பெரிது, வாங்குவோரோ சிலர், நூலோ விரைவில் மூப்படைவது! நான்காம் பதிப்பு வெளிவரவேயில்லை. எனினும் இத்துறை வறண்டுவிடவில்லை. 2017இல் ஜான் மாடியூவின் நூல் வந்தது. 2022இல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தது.

இவற்றையெல்லாம் நான் தெரிந்துகொண்டதற்கு என் முன்னாள் மாணவன் ஒருவனே காரணம். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் பயின்ற அவனுக்கு, பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பொறியியல் பணி பெற வேண்டும் என்பது கனவு. அவனுடைய தந்தை லாரி ஓட்டுநர். "நான்தான் டிரைவர் என்றால், இவனும் டிரைவர் புத்தகமே படிக்கிறானே, சார்!" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்புக்குள் கவலையும் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் தொழில்நுட்ப நூலின் விலை, அந்த வீட்டின் பல நாள் சந்தைச் செலவு. படிப்பை நிறுத்திவிட்டு மகன் வேலைக்குப் போனால் குடும்பத்துக்கு ஆகும் என்றும் அவர் எண்ணியிருந்தார்.

மூன்றாம் பதிப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மாணவன் அதனைப் பதிவிறக்கிப் படித்தான். அதிலுள்ள நிரல்கள் பல, புதிய கெர்னலில் அப்படியே இயங்கவில்லை. சோர்ந்து போவான் என்று நினைத்தேன். அவனோ கெர்னலின் மூலநிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, நூலிலிருந்து எது மாறியது, ஏன் மாறியது என்று ஒவ்வொன்றாகக் குறிப்பெடுத்தான். "ஐயா, எப்படி எழுதுவது என்பதெல்லாம் மாறிவிட்டது. ஏன் அப்படி எழுத வேண்டும் என்பது மாறவில்லை" என்றான். சாதனம் குறுக்கிட்டு அழைத்தால் என்ன செய்வது, ஒரே நினைவகப் பகுதியை இருவர் ஒரே நேரத்தில் தொட்டால் எப்படிக் காப்பது என்பன போன்ற அடிப்படைகள் இன்றும் அவைதாமே! அக்குறிப்பேட்டைப் பார்த்த தந்தை, படிப்பை நிறுத்தும் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. இறுதிப் பருவத்தை அவன் இப்போது முடித்துக்கொண்டிருக்கிறான். வேலை இனிமேல்தான் தேட வேண்டும்.

பெற்றோர்களே, சந்தை வாங்குபவரை மட்டுமே எண்ணும், பயன்பெறுபவரை எண்ணாது. இயக்கி நூலை வாங்கியவர் சிலராயினும், அதைக் கற்றவர்கள் எழுதிய நிரல்களால் பயன்பெறுவோர் கோடிக்கணக்கானோர். அந்நூலாசிரியர்கள் கதவைத் திறந்து வைத்தமையால்தான் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையும் உள்ளே நுழைய முடிந்தது. ஆயினும் இலவசம் ஒன்றே அடுத்த பதிப்பைக் கொண்டுவந்துவிடாது என்பதையும் அதே நூல் காட்டுகிறது.

தமிழில் சிறுவர்க்கான அறிவியல் நூல்களின் நிலையும் இதுவே. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளி நூலகமும் ஒரு படி வாங்கினாலே, எழுதுபவர்க்கு அடுத்த நூலை எழுதும் துணிவு வரும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நூலகச் செலவு பேசப்படும்போது, "எத்தனை பேர் வாங்குவார்கள்?" என்பதோடு, "இதைப் படிக்கும் ஒருவனால் எத்தனை பேர் பயன்பெறுவார்கள்?" என்றும் கேட்போமாக.