முடித்த பாட்டே அடுத்த பாட்டைத் தரும்



பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, எஞ்சிய மாலைப்பொழுதில் பாட்டு இயற்றக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் நம்முடைய குடும்பங்களில் பலர் உண்டு. புனே மாநகரை ஒட்டி, முளா, பவனா என்னும் இரு நதிகளுக்கு அருகே அமைந்த சாங்வியில் நான் ஊழியம் செய்து வருகிறேன். இங்கேயும் அத்தகையவர்கள் இருக்கிறார்கள். போசரித் தொழிற்பேட்டையில் இயந்திரம் ஓட்டுகிற சகோதரர், ஹிஞ்சவாடியில் கணினிக்கு முன்பாக அமர்ந்திருக்கிற வாலிபர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஆர்மோனியத்தைத் திறக்கிற சகோதரி என்று பலரைச் சொல்லலாம். தொடக்கத்தில் எல்லாரிடமும் உற்சாகம் பொங்குகிறது. மூன்று மாதம் கழித்து அவர்கள் வீட்டிற்குப் போனால், கீபோர்டின்மேல் துணி போர்த்தியிருக்கிறது. அந்தத் துணி ஏன் அங்கே வந்தது? அதை எடுப்பது எப்படி? இம்மாதம் இதைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன்.

நானும் இந்தப் பள்ளியில் ஒரு மாணவனே. வேதாகமக் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் கற்றேன். மெட்டமைக்க அங்கே கற்கவில்லை. 2020ஆம் ஆண்டு ஊரடங்கினால் சபை கூடிவர இயலாதிருந்த மாதங்களில், ஐம்பதைத் தாண்டிய வயதில், ஒரு பழைய கீபோர்டோடு அமர்ந்தேன். காரணம் எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் மராட்டியிலும் இந்தியிலும் விளையாடுகிறார்கள், ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். அவர்கள் நாவில் நிற்கக்கூடிய சிறிய சொற்களும் எளிய மெட்டும் கொண்ட பாட்டுகள் சில வேண்டும் என்று விரும்பினேன்.

அடுத்த ஆண்டு, 2021இல், எங்கள் சபைச் சகோதரர் ஒருவர் கொரோனா நோயினால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே மெட்டமைக்கப் பழகியவர். அடக்க ஆராதனை முடிந்து சில வாரங்கள் சென்றபின், அவருடைய மனைவி அவரது கைப்பேசியை என்னிடம் கொண்டுவந்தார்கள். அதில் 41 ஒலிப்பதிவுகள் இருந்தன. எல்லாம் அவர் குரலில் முணுமுணுத்த மெட்டுகள். ஒன்றும் ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. நல்ல துவக்கங்கள், ஆனால் எல்லாமே பல்லவியின் இரண்டாம் அடியோடு நின்றுவிட்டன. ஒரு பதிவின் இறுதியில், “சரி, பிறகு பார்க்கலாம்” என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதும் கேட்டது. “இதில் ஒன்றையாவது சபையில் பாட முடியுமா ஐயா?” என்று அந்தச் சகோதரி கேட்டார்கள்.

பிரியமானவர்களே, அந்தச் சகோதரர் சோம்பேறி அல்லர். தாலந்து குறைந்தவரும் அல்லர். புதிய மெட்டு ஒன்று தோன்றும்போது உண்டாகும் மகிழ்ச்சி மிகப் பெரியது. அதை முடிக்கிற வேலையோ வறண்டது. ஆகவே மனம் முடிப்பதை விட்டுவிட்டு, மறுபடியும் துவங்குவதையே நாடுகிறது. பெரிய இசைமேதைகளும் இதற்கு விலக்கல்லர். ருஷ்ய நாட்டு அலெக்சாந்தர் போரோடின் (1833–1887) தொழிலால் வேதியியல் பேராசிரியர். இசை அவருக்கு ஓய்வுநேரத்து வேலை. 1869இல் அவர் துவங்கிய ‘இளவரசர் இகோர்’ என்னும் இசைநாடகம், 18 ஆண்டுகள் கழித்து அவர் மரித்தபோதும் முடியாமலே இருந்தது. நண்பராகிய ரிம்ஸ்கி-கோர்சகோவும் இளைஞராகிய கிளாசுனோவும் அதை முடித்துக்கொடுக்க, 1890இல் அது அரங்கேறியது. நமக்கோ அப்படிப்பட்ட நண்பர்கள் கிடைப்பது அரிது.

இனி நம்மவர் ஒருவரைப் பாருங்கள். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர்வடகரையில் பிறந்த கிறிஸ்தவர். முதலில் பள்ளி ஆசிரியர். பின்பு பெயர்பெற்ற சித்த வைத்தியர். மூலிகைத் தோட்டம், மருந்து தயாரித்தல், நோயாளிகள், பெரிய குடும்பம் என்று அவருடைய நாள் நிறைந்திருந்தது. ஆயினும் அவர் இசை பயின்றார்; பயில்வோருக்கென்று தமிழில் 96 பாடல்களை இயற்றித் தொகுத்தார். 1912 முதல் தம் சொந்தச் செலவில் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டிற்குத் தம் குமாரத்திகளோடு சென்று தம் ஆராய்ச்சியை விளக்கினார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் மாபெரும் நூலை வெளியிட்டார். அந்தப் பரோடா மாநாட்டை முன்னின்று நடத்திய விஷ்ணு நாராயண் பாத்கண்டே, நாம் வாழும் இந்த மராட்டிய மண்ணின் மைந்தர். வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். வைத்தியரும் வழக்கறிஞரும் அன்று இசைக்காக ஒரே மன்றத்தில் இருந்தார்கள்.

பண்டிதரின் பெரிய நூலைக் கண்டு நாம் மலைத்துப்போகிறோம். நான் கற்றுக்கொள்வதோ அந்த 96இலிருந்து. பயில்வோருக்கான பாட்டுகள் அவை. ஒன்றை முடித்தபின் அடுத்ததற்குப் போனவரால்தான் அந்த எண்ணிக்கையை எட்ட முடியும். உற்சாகம் வந்தால் பாட்டு முடியும் என்று நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில், பாட்டு முடிந்தால்தான் உற்சாகம் வருகிறது. இதற்கு உதவுகிற நான்கு காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, எல்லையைக் குறுக்குங்கள். 119ஆம் சங்கீதத்தை எண்ணிப் பாருங்கள். எபிரெய எழுத்துகள் 22. எழுத்துக்கு எட்டு வசனம். ஆக 176 வசனங்கள். ஒவ்வொரு பகுதியிலும் எட்டு வசனங்களும் அந்தப் பகுதிக்குரிய எழுத்திலேயே தொடங்குகின்றன. அந்தக் கட்டுப்பாடு சங்கீதக்காரனை முடக்கவில்லை. அடுத்த அடியை எங்கே தேடவேண்டும் என்று காட்டியது. நீங்களும் ஒரு ராகம், ஒரு தாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோகன ராகத்திற்கு ஐந்தே சுரங்கள். கீபோர்டில் மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டையை ஸட்ஜமாக வைத்து, கறுப்புக் கட்டைகளை மாத்திரம் தொட்டு ஏறினால் மோகனம் வந்துவிடும். இதையே இங்குள்ள மராட்டியர் ‘பூப்’ என்கிறார்கள். ஆகவே நம் பிள்ளைகளின் செவிக்கும் அது அந்நியமல்ல. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்குள் ஓர் அடி. அப்படி இரண்டு அடி அமைந்தால் பல்லவி. அதே அளவில் ஒரு சரணம். முதல் பாட்டிற்கு அதுவே போதும். கீபோர்டில் நூற்றுக்கணக்கான ஒலிகள் இருக்கலாம். பாட்டு முடியும்வரை ஒரே ஒலியில் இருங்கள். ஒலிகளை மாற்றி மாற்றிக் கேட்பதிலேயே எத்தனையோ மாலைகள் கரைந்துபோகின்றன.

இரண்டாவது, வேலைக்குத் தக்கபடி அளவை மாற்றுங்கள். பகல் ஷிப்ட் வாரத்தில் தினமும் அரைமணி நேரம் அமரலாம். இரவு ஷிப்ட் வாரத்தில் அப்படி முயன்றால் இரண்டாம் நாளே சோர்ந்துபோவீர்கள். அந்த வாரத்தில் மெட்டமைக்க வேண்டாம். தெரிந்த கீர்த்தனை ஒன்றின் ஓர் அடியைக் கேட்டு, அதன் சுரங்களை நோட்டுப்புத்தகத்தில் எழுதுங்கள். பத்து நிமிடம் போதும். பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பிலேயே ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவை நமக்குப் பாடப்புத்தகங்கள். அளவு குறையலாம், தொடர்பு அறுந்துபோகக் கூடாது.

மூன்றாவது, பாட்டிற்கு ஒரு தேதியும் கேட்பவரும் வேண்டும். முதலாம் நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில், தாவீதின் காலத்துப் பாடகர் 288 பேர், பிரிவுக்குப் பன்னிருவராக 24 பிரிவுகளாய் நியமிக்கப்பட்டதை வாசிக்கிறோம். அவர்களுடைய முறை சீட்டுப்போட்டுத் தீர்மானிக்கப்பட்டது. கற்பிக்கிறவனுக்கும் கற்கிறவனுக்கும் அதில் வேறுபாடு இல்லை. மாணாக்கனுக்கும் ஒரு முறை உண்டு என்பதைக் கவனியுங்கள். ‘நன்றாக வந்தபின் பாடுவேன்’ என்று சொல்லுகிறவனுக்குத் தேதி வருவதேயில்லை. மாதத்தின் கடைசி ஞாயிறு என்று குறித்து, உண்மையைச் சொல்லக்கூடிய ஒருவரிடம் சொல்லிவையுங்கள். என் வீட்டில் அந்த வேலையை என் மனைவி செய்கிறாள். “இந்த இடத்தில் மூச்சு விட முடியவில்லை” என்று அவள் சொன்னதால் திருத்திய அடிகள் பல.

நான்காவது, செவி கைக்கு முன்னே ஓடும் என்பதை அறிந்திருங்கள். நல்ல பாட்டுகளைப் பல ஆண்டுகள் கேட்ட செவி அது. கையோ நேற்றுப் பிறந்த குழந்தை. நம் முதல் மெட்டு நமக்கே சாதாரணமாய்த் தோன்றுவது இதனால்தான். இது திறமையின்மைக்கு அடையாளமல்ல. செவி கூர்மையாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். முடித்த பாட்டைத் தேதியிட்டுப் பதிவுசெய்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதைக் கேளுங்கள். பிறருடைய பாட்டோடு ஒப்பிடுவதைக்காட்டிலும், உங்கள் பழைய பாட்டோடு ஒப்பிடுவதே நேர்மையான அளவுகோல்.

அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்கு இந்த வழியில்தான் பதில் தேடினேன். 41 பதிவுகளில் மிகச் சிறிய ஒன்றை எடுத்தேன். அவருடைய பல்லவி மெட்டை ஒரு சுரமும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் நாவிற்கு ஏற்ற சொற்களை அமைத்தேன். சரணத்திற்கு மெட்டு அமைக்க ஏழு வாரங்கள் ஆயின. அதில் மூன்று வாரங்கள் ஒரு சுரமும் முன்னேறவில்லை. தேதி குறித்திருந்தபடியால் நிறுத்தவில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அதைச் சபையில் பாடினார்கள். அவருடைய மகனும் அவர்களோடு நின்று பாடினான். தகப்பன் தன்னந்தனியே முணுமுணுத்த மெட்டு, மகனுடைய வாயிலிருந்து முழுப் பாட்டாய் வந்தது. மீதி 40 பதிவுகளும் இன்னும் அந்தக் கைப்பேசியில் இருக்கின்றன.

அன்பானவர்களே, உங்கள் கைப்பேசியிலும் நோட்டுப்புத்தகத்திலும் எத்தனை துவக்கங்கள் கிடக்கின்றன? இன்று மாலை புதிதாக ஒன்றையும் துவங்காதிருங்கள். அவற்றில் மிகச் சிறியதைத் தெரிந்துகொள்ளுங்கள். நாட்காட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வட்டமிடுங்கள். கீபோர்டின்மேல் இருக்கும் துணியை மடித்து வையுங்கள். அந்த ஒரு பாட்டு முடியட்டும். அடுத்த பாட்டிற்கான பெலனை அதுவே உங்களுக்குக் கொடுக்கும். உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.