பருவம் பரிமாறிய விருந்து

காய்க்கும் கனிக்கும் மீனுக்கும் சுவை முதிரும் காலம் ஒன்றுண்டு. அதனை ஜப்பானியர் 'ஷுன்' என்பர். பருவத்தின் தொடக்கத்தில் வரும் புதுவரவை 'ஹஷிரி' என்றும், பருவம் விடைபெறும் நாளில் கிடைப்பதை 'நகோரி' என்றும் பிரித்தறிவர். திணைதோறும் உணவைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியத்தைப் பயிற்றுவிக்கும் எனக்கு இப்பகுப்பு பேருவகை அளித்தது.

2019 ஏப்ரலில் கியோட்டோ நகரின் பழைய உணவகம் ஒன்றில் 'கைசெக்கி' விருந்துண்ண நண்பர் ஒருவர் அழைத்தார். தேநீர் நெறியோடு வளர்ந்த விருந்து அது. 16ஆம் நூற்றாண்டில் அந்நெறியைச் செப்பனிட்ட சென் நோ ரிக்யூ எளிமையையே அதன் உயிராக்கினார். நெஞ்சோடு அணைத்த கல் என்பது கைசெக்கி என்னும் சொல்லின் பொருள். துறவியர் சூடேற்றிய கல்லை ஆடைக்குள் வைத்துப் பசி தணித்தனர் என்பது வழிவழிச் செய்தி. பசியின் நினைவை விருந்துக்குப் பெயராகச் சூட்டிய நுட்பம் நோன்பு நோற்றவர்க்கு எளிதில் விளங்கும்.

எனினும் அழைப்பை ஏற்கத் தயங்கினேன். அரிசி மதுவாகிய 'சாக்கே'யும் இனிப்பு மதுவாகிய 'மிரி'னும், நம் குழம்பில் புளி போல், அவர்தம் சமையலில் கலந்திருப்பவை. மீன் ஆகுமானது, அது வெந்த சாறு ஆகாததாக இருக்கலாம். சொன்னால் விருந்தளிப்போர் மனம் வருந்துமோ? சொல்லாவிடில் மார்க்கம் என்னாவது? நண்பர் வாயிலாக முன்கூட்டியே சொல்லியனுப்பினேன்.

முதிய சமையற்கலைஞர் மதுவை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியதைப் பரிமாறவில்லை. உணவு வரிசையையே புதிதாக அமைத்திருந்தார். மண்ணைவிட்டுத் தலைகாட்டுமுன் விடியலில் தோண்டியெடுத்த மூங்கிற்குருத்து வந்தது. வடக்கே ஹொக்கைடோவில் விளையும் கடற்பாசியோடு, நம் கடலோர ஊர்களின் மாசியை ஒத்த உலர்ந்த சூரைமீனைச் சேர்த்து இறக்கிய தெளிந்த சாறு வந்தது. பின்னர், உப்பிட்டுச் சுட்ட மீன் நறுந்தளிரோடு வந்தது. நிறைவாக வெண்சோறும் உப்பில் ஊறிய காய்களும் வந்தன. குருத்தின் இனிமைக்கு வேறு இனிப்பு வேண்டியிருக்கவில்லை.

நன்றி கூறியபோது அப்பெரியவர் சொன்னார்: "இலையுதிர் காலத்தில் இக்குருத்தைக் கேட்டால் இல்லையென்பேன். எல்லைக்குள் சமைப்பதே எங்கள் தொழில். உங்கள் எல்லை அவற்றோடு சேர்ந்த மற்றொன்று, அவ்வளவே."

அச்சொல் என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பருவத்தைப் போற்றுவோர் பருவமல்லாதவற்றைத் துறக்கின்றனர். ஹலாலைப் பேணுவோரும் ஆகாதவற்றைத் துறக்கின்றனர். துறப்பதால் இருவர் தட்டும் வெறுமையாகிவிடவில்லை. உள்ளதன் அருமை பெருகியது. உண்ணுமுன் நண்பர் கைகுவித்து 'இததக்கிமாசு' என்றார். பணிந்து பெறுகிறேன் என்பது அதன் பொருள். நான் 'பிஸ்மில்லாஹ்' என்றேன். நம்பிக்கைகள் வேறு, உணவு தன் உரிமையன்று, பெற்ற கொடை என்னும் பணிவு இருவர்க்கும் இருந்தது.

ஜப்பானிய உணவு மரபாகிய 'வஷோக்கு' 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இயற்கையை மதிக்கும் உளப்பாங்கே அதன் வேர்.

கல்விக்கும் பணிக்கும் கடல்கடந்து செல்லவிருக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் நெறியை மறைக்கவும் வேண்டா; பிறர்மேல் சுமத்தவும் வேண்டா. காலத்தோடும் கனிவோடும் எடுத்துச் சொல்லுங்கள். விருந்தோம்பல் அறிந்தோர் அதனைச் சுமையாகக் கருதார்.