தோற்கக் கற்பிக்கப்பட்ட அணி

விளையாட்டை நேசிக்கும் எவரும் மனத்துக்குள் ஒரு தெரிவுக்குழுத் தலைவர்தான். இலங்கைக் கிரிக்கெட் அணி தோற்ற மறுநாட்காலையில் நமது தேநீர்க் கடைகளில் எத்தனை அணிகள் கலைக்கப்படுகின்றன, எத்தனை அணிகள் அமைக்கப்படுகின்றன என்பதற்குக் கணக்கே இல்லை. நானும் அதற்கு விலக்கானவன் அல்லன். ஆயினும் நான் நெடுங்காலமாக மனத்துக்குள் கலைத்தும் அமைத்தும் பார்த்துவருவது ஒரு கிரிக்கெட் அணியை அன்று. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் பஃபலோ நகரின் ஐஸ் ஹொக்கி அணியை. சேபர்ஸ் என்பது அதன் பெயர்.

கொழும்பிலே பத்திரிகைத் தொழில் பார்க்கும் ஒருவனுக்கு இந்த நாட்டம் எப்படி வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். ஸ்காபரோவில் வாழும் என் தங்கையின் மகன்தான் காரணம். ரொறன்ரோ அணியின் ஆட்டத்தை அரங்கிற்குச் சென்று பார்ப்பது ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற காரியம் அன்று. இரண்டு மணிநேரம் காரோட்டி எல்லையைக் கடந்தால் பஃபலோவில் மலிவாகப் பார்க்கலாம் என்று தகப்பனார் அவனை அங்கே அழைத்துச் சென்றார். அது 2011ஆம் ஆண்டு. அவனுக்கு அப்போது பத்து வயது. அந்த வசந்தத்தில் சேபர்ஸ், கிண்ணத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றில் ஆடி, பிலடெல்பியாவிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்று வெளியேறியது. அதன்பின் 2025 வரை, 14 பருவங்கள், அந்த அணி இறுதிக்கட்டச் சுற்றின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. தேசிய ஹொக்கி லீக்கின் வரலாற்றில் இத்துணை நீண்ட வறட்சி வேறெந்த அணிக்கும் நேர்ந்ததில்லை. பத்து வயதில் ஓர் அணியைத் தன்னுடையதாக வரித்துக்கொண்ட பிள்ளை, இருபத்துநான்கு வயது இளைஞனாகும் வரை காத்திருந்தான்.

பஃபலோ காத்திருந்து பழகிய ஊர். 1950இல் ஐந்து இலட்சத்து எண்பதினாயிரம் பேர் வாழ்ந்த அந்நகரில் 2020இல் எஞ்சியோர் இரண்டு இலட்சத்து எழுபத்தெட்டாயிரம் பேர். உருக்காலைகள் மூடப்பட்டன, பிள்ளைகள் வேறு ஊர்களுக்குப் பிழைக்கப் போயினர். 1970இல் தொடங்கப்பட்ட அணி 1975இலும் 1999இலும் இறுதிப்போட்டி வரை சென்றது. ஸ்டான்லி கிண்ணம் மட்டும் கைக்கு எட்டவில்லை.

இந்த லீக்கின் முறைமை ஒன்றை இங்கே விளக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் கோடையில் பதினெட்டு வயதளவிலான புதுமுக வீரர்களை அணிகள் வரிசைப்படி தெரிவுசெய்யும். மோசமாகத் தோற்ற அணிகளுக்கே முன்வரிசை. ஆனால் முதலிடம் யாருக்கு என்பதைத் திருவுளச்சீட்டுத் தீர்மானிக்கும். கடைசியில் வந்த அணிக்கு அதில் வாய்ப்பு அதிகம். ஆகவே நலிந்த அணியொன்றின் நிர்வாகி, மூத்த வீரர்களையெல்லாம் விற்று, சில பருவங்கள் அடிமட்டத்தில் கிடந்து, சிறந்த இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு எழலாம் என்று கணக்கிடுகிறார். சிகாகோவுக்கு அக்கணக்குச் சரிவந்தது. 2006இல் மூன்றாவது தெரிவாக ஜொனதன் டேவ்ஸ், 2007இல் முதல் தெரிவாகப் பற்றிக் கேன், 2010இல் கிண்ணம்.

பஃபலோவும் அந்த வழியிலேயே இறங்கியது. 2013 ஏப்ரலில் அணித்தலைவர் ஜேசன் பொமின்வில் போனார். ஒக்டோபரில் தோமஸ் வானெக் போனார். 2014 பெப்ரவரியில், பல ஆண்டுகள் கோல் காத்த ரயன் மில்லரும் போனார். அந்தப் பருவத்தில் முப்பது அணிகளுள் முப்பதாவது இடம். அடுத்த பருவத்திலும் அதே இடம். 2015 கோடையில் கொனர் மக்டேவிட் என்ற அபூர்வ இளைஞர் தெரிவுக்கு வர இருந்தார். அவரை அடைவதற்கே இத்தனை தோல்வியும் என்று ஊரே பேசிக்கொண்டது.

2015 மார்ச்சில் நான் ஸ்காபரோவில் தங்கியிருந்தேன். 26ஆம் திகதி இரவு சேபர்ஸ் தன் சொந்த அரங்கில் அரிசோனாவை எதிர்த்து ஆடியது. பட்டியலின் அடியில் கிடந்த இரண்டு அணிகள் அவை. ஆட்டம் மேலதிக நேரத்துக்குச் சென்றது. அரிசோனா கோல் போட்டு வென்றது. உடனே பஃபலோ அரங்கில் ஆரவாரம் எழுந்தது! சொந்த அணியின் தோல்விக்குச் சொந்த இரசிகர்கள் கைதட்டினார்கள். பதினான்கு வயது மருமகன் கைதட்டவில்லை. ஆனால், "இண்டைக்குத் தோத்ததுதான் நல்லது மாமா" என்றான். பெரியவர்களிடம் கேட்டு மனனம் செய்த பாடத்தை ஒப்புவிக்கும் குரல் அது. விளையாட்டு நிருபர்களோடு பல ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவன் நான். ஒரு சிறுவன் தன் அணி தோற்பதை நல்லது என்று சொல்லக் கேட்டது அன்றுதான்.

ஏப்ரலில் திருவுளச்சீட்டு எடுக்கப்பட்டது. பஃபலோவின் வாய்ப்பு 20 வீதம். 11.5 வீத வாய்ப்பே கொண்டிருந்த எட்மன்டனுக்குச் சீட்டு விழுந்தது; மக்டேவிட் அங்கே போனார். பஃபலோவுக்குக் கிடைத்தவர் இரண்டாமவரான ஜாக் ஐக்கல்.

இந்தக் கதையை அதிர்ஷ்டக் குறைவு என்று சொல்லி முடித்துவிடுபவர்கள் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. ஐக்கலும் மிகச் சிறந்த வீரரே. அவருக்கு முந்திய ஆண்டில் இரண்டாவது தெரிவாக வந்த சாம் றைன்ஹார்ட்டும் அப்படியே. 2015இல் வாங்கப்பட்ட ரயன் ஓரைலியும் அப்படியே. பின்னர் நடந்ததைப் பாருங்கள். ஓரைலி, தோற்றுத் தோற்று ஆட்டத்தின் மீதிருந்த காதலையே இழந்ததாக 2018இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் கோடையிலேயே சென் லூயிஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டே அங்கே கிண்ணம் வென்று, இறுதிக்கட்டச் சுற்றின் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். கழுத்துச் சத்திரசிகிச்சையை எந்த முறையில் செய்வது என்பதில் அணியோடு முரண்பட்ட ஐக்கல், 2021இல் வேகஸ் அணிக்குப் போய் 2023இல் கிண்ணம் வென்றார். 2021இல் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்ட றைன்ஹார்ட், 2024இல் ஏழாவது இறுதி ஆட்டத்தின் வெற்றி கோலை அடித்தார். 2025இலும் கிண்ணம் ஏந்தினார். மூன்று விதைகளும் நல்ல விதைகள். வேறு வயலில் நட்டதும் விளைந்தன. பஃபலோவில் பிழைத்தது நிலம்.

இதை நான் விளங்கிக்கொண்டது என் தொழிலால். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறி நான் சேர்ந்த முதற் பத்திரிகையில் மூத்த உதவி ஆசிரியர்கள் நால்வர் இருந்தனர். நான் எழுதிக் கொடுத்த செய்தியைச் சிவப்பு மையால் குதறுவார்கள். குதறிய பின் ஏன் குதறினோம் என்று சொல்வார்கள். சில ஆண்டுகளில் நிர்வாகம் "புதிய இரத்தம்" வேண்டுமென்று அந்நால்வரையும் வீட்டுக்கு அனுப்பிற்று. வந்த இளைஞர்கள் என்னிலும் திறமைசாலிகள். ஆனால் பிழை விட்டால் திருத்த ஆளில்லை. நன்றாக எழுதினால் நன்று என்று சொல்லவும் ஆளில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் ஒவ்வொருவராக வெளியேறினர். அவர்களிற் சிலர் பிற இடங்களில் பெரும் பெயர் பெற்றார்கள்.

ஆகவே, 2013 வசந்தத்தில் சேபர்ஸ் அணியின் சாவிக்கொத்தை என்னிடம் தந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? மூத்தவர்களில் மூவரையேனும் வைத்துக்கொண்டிருப்பேன், அவர்களுக்கு ஈடாகக் கிடைக்கும் தெரிவுரிமைகளை இழந்தாலும். ஐந்து கோல்களால் தோற்ற மறுநாட்காலை, ஒரு மனிதன் பயிற்சிக்கு எப்படி வந்து சேர்கிறான் என்பதை இருபது வயதுப் பையன் கண்ணால் காண வேண்டும். அதைப் பயிற்றுநர் சொல்லிக் கொடுக்க முடியாது.

அடுத்து, அவசரப்பட மாட்டேன். பஃபலோவுக்கு அடுத்தே, றொச்செஸ்ரர் நகரில், அதன் இரண்டாம் நிலை அணி இருக்கிறது. இளைஞர்கள் அங்கே வென்று பழகட்டும். டிற்றொயிற் அணி 1998இல் 171ஆவதாகத் தெரிவுசெய்த டற்சூக்கையும், 1999இல் 210ஆவதாகத் தெரிவுசெய்த செற்றர்பேர்க்கையும் ஆறுதலாக முற்றவிட்டே களத்துக்குக் கொண்டுவந்தது. 2008இல் அவ்விருவரும் சேர்ந்து கிண்ணம் வென்றார்கள்.

வீரர்களைத் தேடி ஊரூராக அலையும் நோக்கர்களுக்குப் பணம் செலவிடுவேன். 2020 ஜூனில் பஃபலோ தன் பொது முகாமையாளரையும், நோக்கர்கள் உட்பட இருபதுக்கு மேற்பட்டோரையும் ஒரே நாளில் நீக்கியது. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் கிண்ணம் வென்ற தம்பா பே அணியின் குச்சரோவ் 58ஆவது தெரிவு. பொயின்ற் 79ஆவது தெரிவு. இவர்களைக் கண்டுபிடித்தது திருவுளச்சீட்டு அன்று.

பயிற்றுநரை மாற்றமாட்டேன். 2013 பெப்ரவரியில் லிண்டி றஃப் நீக்கப்பட்டபின் ஆறு பேர் வந்து போயினர். 2024இல் மறுபடி அவரையே அழைத்தார்கள். கொலராடோவைப் பாருங்கள். 2016-17இல் 48 புள்ளிகளுடன் கடைசியில் வந்தது. திருவுளச்சீட்டிலும் வழுக்கி நான்காவது தெரிவுக்குத் தள்ளப்பட்டது. ஆயினும் அது முதற்பருவப் பயிற்றுநரான ஜாரெட் பெட்னரை நீக்கவில்லை. அந்த நான்காவது தெரிவுதான் கேல் மக்கார். 2022இல் அதே பெட்னரின் கீழ் கிண்ணம் வந்தது. சிறந்த வீரர் விருது மக்காருக்கு.

இத்திட்டத்தை அண்மையில் தொலைபேசியில் மருமகனிடம் விரித்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, உங்கட அணியும் முதல் நாலு வருசம் தோற்கும்தானே?" என்றான்.

"ஓம், தோற்கும். ஆனால் அந்த நாலு வருசமும் வெல்லவேணும் எண்டு நேர்ந்துகொண்டு நீ பார்த்திருப்பாய்" என்றேன்.

சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, கோல் காப்பாளராக யாரை வைத்திருப்பீர்கள் என்று கேட்டான். அன்றைய உரையாடல் அதன்பின் ஒரு மணிநேரம் நீடித்தது.