முகம் பார்க்காத கமரா

எழுதிக் கனநாளாகிவிட்டது. குசினியில் பத்து மணித்தியாலம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், எழுதுவதற்கு முதல் நித்திரை வந்துவிடுகிறது. இன்றைக்கு எழுதக் காரணம் போன கிழமை கடையில் நடந்த ஒரு கதை. மத்தியானம் சாப்பிட வந்த எங்கடை ஆள் ஒருவர், வேகக் கமராக்களைக் கழற்றியதை இன்னமும் கொண்டாடிக்கொண்டிருந்தார். "பகல்கொள்ளை தம்பி, பகல்கொள்ளை. நல்லகாலம் நிப்பாட்டினாங்கள்" என்றார். நான் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். ஏன் ஆட்டினேன் என்று அன்று முழுக்க யோசனையாக இருந்தது.

நான் வேலை செய்வது யூனியன்வில்லில். படம் எடுக்கவும் ஐஸ்கிறீம் சாப்பிடவும் சனம் வருகிற அந்த வடிவான மெயின் ஸ்ரீற்றில் இல்லை. நெடுஞ்சாலை ஏழுக்குக் கிட்ட, ஒரு பிளாசாவுக்குள் இருக்கிற சாப்பாட்டுக்கடை. கிழமை நாட்களில் மத்தியானச் சாப்பாடு, சனி ஞாயிறு என்றால் பிறந்தநாள், சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று ஸ்காபரோப் பக்கம் ஓடர் போகும்.

2023 இளவேனில். முதலாளியின் வான் பழுதாகிக் கிடந்தது. என்னுடைய பழைய கொறொல்லாவில் சாப்பாட்டுத் தட்டுகளை ஏற்றி, கடையில் கோப்பை கழுவுகிற பொடியன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். அவனுக்கு அப்போது 24 வயது. அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு விசாரணைத் திகதிக்குக் காத்திருந்தவன். நான் இருக்கிற பேஸ்மென்றில் பக்கத்து அறையில்தான் இருந்தான்.

ஒருநாள் தபாலில் கடிதம் வந்தது. உள்ளே படம். என் காரின் பின்பக்கம், இலக்கத்தகட்டைப் பெருப்பித்துக் காட்டியபடி. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், 40 இல் ஓடவேண்டிய இடத்தில் 53. தண்டம் 65 டொலர், அதற்கு மேல் கூடுதல் கட்டணம் 15, செலவு 5. மொத்தம் 85. சரி போகட்டும் என்று வைத்தால், அடுத்த பத்து நாளுக்குள் இன்னும் இரண்டு கடிதம். ஒன்று 50 இல் ஓடினதற்கு 65 டொலர், மற்றது 55 இல் ஓடினதற்கு 95. எல்லாம் ஒரே தெரு, ஒரே கமரா. முதல் கடிதம் வந்து சேர முதலே அவன் அதே இடத்தால் மூன்று சனிக்கிழமை போய்விட்டான். கூட்டிப் பார்த்தால் 245 டொலர். அப்போது ஒன்ராறியோவில் அடிப்படைச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 15.50. கிட்டத்தட்ட 16 மணித்தியால வேலை.

பொடியன் கடிதங்களைப் பார்த்துவிட்டு, "அண்ணை, ஓடினது நான்தானே. என்ரை பேரை எழுதிக் குடுங்கோ" என்றான்.

அப்படிக் கொடுக்க முடியாது. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்தவன். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டதோடு என் படிப்பும் பூட்டுப்பட்டது. அந்த அரைகுறைப் படிப்பின் மிச்சமோ என்னவோ, ஒரு கடிதம் வந்தால் அதன் பின்னால் இருக்கிற சட்டத்தைத் தேடி வாசிக்காமல் விடமாட்டேன். ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 207 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வாகனத்துக்குச் சொந்தக்காரர்தான் பொறுப்பு. அவருடைய சம்மதம் இல்லாமல் வேறு ஒருவர் கொண்டுபோயிருந்தால் மட்டும் தப்பலாம். அதாவது கார் களவு போனால் நான் குற்றவாளி இல்லை. இரவல் கொடுத்தால் குற்றவாளி!

செய்யாத குற்றத்துக்கு எப்படித் தண்டனை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கனடாவின் உச்ச நீதிமன்றம் 1985 இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மோட்டார் வாகனச் சட்டம் ஒன்றைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒருவரிடம் பிழை இருந்ததா இல்லையா என்று பார்க்காமலே தண்டிக்கிற ஒரு சட்டம், அவரைச் சிறைக்கு அனுப்பக்கூடாது என்பது அதன் சாரம். அதை மறுபக்கமாகத் திருப்பிப் பார்த்தால் கமராச் சட்டம் விளங்கும். கமரா ரிக்கற்றுக்குச் சிறை இல்லை. ஓட்டுநர் பதிவில் புள்ளி ஏறாது, காப்புறுதிக்காரன் காசைக் கூட்டமாட்டான். காசு மட்டும்தான். அதனால் ஓடினது யார் என்று காட்டவேண்டிய தேவையும் அரசாங்கத்துக்கு இல்லை. சட்டப்படி இது சரி. நியாயமா என்பது வேறு கேள்வி.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். அவன் பெயரைக் கொடுக்க வழியில்லை என்று தெரிந்தபோது எனக்குள் ஒரு நிம்மதி. விசாரணைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த பொடியன் அவன். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்கு வயிறு கலங்கும். வேக ரிக்கற்றால் அகதி வழக்குக் கெடாது என்று எவ்வளவு சொன்னாலும் நம்பியிருக்கமாட்டான். வீதியில் ஒரு பொலிஸ்காரர் மறித்திருந்தால் ரிக்கற் அவன் பெயரில்தான் இருந்திருக்கும். எனக்கு அநியாயம் செய்த சட்டம் அவனை மறைத்துவிட்டது.

அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது தலையாட்டி. எங்கடை வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1996 இல் தென்மராட்சியில் இருந்து திரும்பி யாழ்ப்பாணம் வந்த பிறகு ஒரு சுற்றிவளைப்பு. எனக்கு 14 வயது. பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலுக்குள் வரிசையாக இருத்திவிட்டு, ஒவ்வொருவராக ஒரு வாகனத்துக்கு முன்னால் நடக்க விட்டார்கள். உள்ளே முகத்தை மூடிய ஒருவன். அவன் தலையை ஆட்டினால் நீ அந்தப் பக்கம், ஆட்டாவிட்டால் இந்தப் பக்கம். என்னத்தைக் கண்டாய், எப்ப கண்டாய் என்று அவனை யாரும் கேட்கமுடியாது. அன்றைக்கு எனக்கு முன்னால் போன அண்ணை ஒருவர் அந்தப் பக்கம் போனார். நான் இந்தப் பக்கம் வந்தேன்.

இங்கேயும் ஒரு தலையாட்டியா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசிக்க யோசிக்க, இது அதற்கு நேர்மாறு என்று பட்டது. தலையாட்டி பார்த்தது முகத்தை மட்டும். கமரா முகத்தைப் பார்ப்பதே இல்லை. தலையாட்டியிடம் சாட்சி கேட்கமுடியாது. கமரா திகதி, நேரம், வேகம் எல்லாவற்றையும் படத்தோடு அனுப்பி, வேண்டுமென்றால் எதிர்த்து வழக்காடு என்றும் எழுதிவிடுகிறது. இந்த நாட்டில் நிறத்தைப் பார்த்து மறிக்கிற கதை புதிதில்லை. தெருவில் போகிறவரை மறித்து விவரம் எழுதுகிற வழக்கத்துக்கு 2017 இல் மாகாணம் கட்டுப்பாடு போடவேண்டி வந்தது, கறுப்பின மக்கள் எத்தனையோ வருடமாகக் கத்தின பிறகு. கமராவுக்கு முன்னால் யூனியன்வில் பெரிய வீட்டுக்காரரின் போர்ஷவும் என்னுடைய கொறொல்லாவும் ஒன்று.

ஒன்றுதானா? அங்கேதான் பிழைக்கிறது. அவருக்கு 85 டொலர் ஒரு மத்தியானச் சாப்பாடு. எனக்கு ஒரு நாள் சம்பளத்தில் பெரும்பகுதி. பின்லாந்தில் தண்டத்தை வருமானத்தைப் பார்த்துப் போடுகிறார்கள். 2023 இல் அங்கே 50 இல் ஓடவேண்டிய இடத்தில் 82 இல் ஓடிய ஒரு கோடீஸ்வரருக்கு 121,000 யூரோ தண்டம் வந்தது. முகத்தைப் பார்க்காமல் பொக்கற்றை மட்டும் பார்க்கிற சட்டம் அது. இங்கே இரண்டையும் பார்ப்பதில்லை.

ஒன்ராறியோ இந்தக் கமராவோடு நெடுக ஏற்றமும் இறக்கமும்தான். 1994 இல் பொப் றேயின் அரசாங்கம் நெடுஞ்சாலைகளில் கொண்டுவந்தது. 1995 இல் மைக் ஹாரிஸ் வந்து எடுத்துவிட்டார். சிவப்பு லைற் கமராக்கள் 2000 இல் தொடங்கின. பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்தில் வேகக் கமரா வைக்கலாம் என்று 2017 இல் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் 2019 இல் வந்தன. அப்போது முதல்வர் டக் ஃபோர்ட். ரொறொன்ரோ 2020 யூலையில் ரிக்கற் கொடுக்கத் தொடங்கியது. 2025 செப்டெம்பரில் அதே டக் ஃபோர்ட், இது காசு பறிக்கிற வேலை என்று சொல்லி, அந்த நவம்பர் 14 இல் மாகாணம் முழுவதும் வேகக் கமராவை நிப்பாட்டினார். சிவப்பு லைற் கமரா இன்னும் இருக்கிறது. அதற்கு 325 டொலர், அதையும் சொந்தக்காரர்தான் கட்டவேண்டும். அதைப் பகல்கொள்ளை என்று கடையில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

சனத்தின் கோபத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற வோன் நகரில் 2025 இல் கமரா தொடங்கி மூன்று கிழமைக்குள் 30,000 க்கு மேல் ரிக்கற். அந்தளவு பேர் ஒரே இடங்களில் பிழை விட்டால், சனத்தில் மட்டும்தான் பிழையா, தெருவின் அமைப்பிலும் பிழையா என்று கேட்கத்தான் வேண்டும். அகலமான நேர்த்தெருவைப் போட்டுவிட்டு 40 என்று ஒரு பலகையை நட்டால் கால் தானாக அழுத்தும். ஆனால் மற்றப் பக்கமும் இருக்கிறது. சிக் கிட்ஸ் மருத்துவமனையும் ரொறொன்ரோ மெற்றொபொலிற்றன் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2025 யூலையில் வந்தது. ரொறொன்ரோவில் 250 பள்ளிக்கூட வலயங்களைப் பார்த்திருக்கிறார்கள். கமரா வைத்த பிறகு, வேக எல்லையை மீறிய வாகனங்களின் விகிதம் 45 வீதம் குறைந்திருக்கிறது. கார் வாங்க முதல் நான் ஏழு வருடம் பஸ்ஸில் போய் வந்தவன். கென்னடியும் நெடுஞ்சாலை ஏழும் சந்திக்கிற இடத்தில் இரவு பதினொரு மணிக்குக் கறுப்பு ஜக்கெற்றோடு தெருக் கடந்தவனுக்கு, அந்த 45 என்ன என்று தெரியும்.

இப்போது 245 டொலர் கதையின் மிச்சத்தைச் சொல்லவேண்டும். இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

மூன்று சனிக்கிழமையில் ஒன்றில், ஓடர் கடையை விட்டு வெளிக்கிட்டதே இருபத்தைந்து நிமிடம் பிந்தி. பிந்தினது என்னால். ஆட்டிறைச்சிக் கறியை அடுப்பில் வைத்துவிட்டு ஊருக்கு ரெலிபோனில் கதைத்துக்கொண்டு நின்றேன், அடிப்பிடித்துவிட்டது, திரும்ப வைத்தேன். தட்டுகளை ஏற்றும்போது, "கெதியாப் போடா, அங்கை சனம் பார்த்துக்கொண்டிருக்கு" என்று சொன்னதும் நான்தான். அன்றைக்குத்தான் 55. முகம் பார்க்காத கமரா, அந்த 95 டொலரைச் சரியான ஆளுக்குத்தான் அனுப்பியிருந்தது.

மற்ற இரண்டு நாளும் அவசரப்படுத்தினது யார்? ஒரு ஆளை வைத்து இரண்டு ஆளின் வேலை வாங்குகிற முதலாளி. முதலாளி ஒரு சதம் தரவில்லை. "கார் உன்ரை, ஓடினது அவன், இதுக்கை நான் எங்கை வாறன்?" என்றார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. சம்பள நாள் அன்று பொடியன் ஒரு கடித உறைக்குள் 245 டொலரை வைத்து நீட்டினான். வேண்டாம் என்று ஒருதரம் சொன்னேன். இரண்டாம்தரம் அவன் நீட்ட, வாங்கிவிட்டேன்.

சட்டம் தண்டத்தை என் தலையில் போட்டது. நான் அதை என்னிலும் குறையச் சம்பளம் எடுக்கிறவன் தலையில் இறக்கினேன். அந்த அநியாயத்தைச் செய்தது கமரா இல்லை.

அதனால்தான் "பகல்கொள்ளை" என்றதற்குத் தலையை ஆட்டினது எனக்குச் சரியாகப் படவில்லை. திருத்த எவ்வளவோ இருந்தது. முதல்தரம் ஒரு எச்சரிக்கைக் கடிதம். கடிதம் வீட்டுக்கு வரும்வரை அதே இடத்தில் அடுத்த ரிக்கற் இல்லை என்று ஒரு விதி. வருமானத்தைப் பார்த்துத் தண்டம். வேலைக்காக ஓடினால் முதலாளிக்கும் பங்கு. ஒன்றையும் செய்யாமல் ஒரேயடியாகக் கழற்றிவிட்டு, சனத்தை வெல்லவைத்துவிட்டோம் என்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாக்கு இல்லை.

பொடியனின் விசாரணை நல்லபடியாக முடிந்தது. இப்போது பிராம்ரனில் ட்ரக் ஓடப் பழகுகிறான். போன மாதம் கடைக்கு வந்தபோது நான் 245 டொலரை ஒரு உறைக்குள் வைத்து நீட்டினேன். என்னத்துக்கு என்று அவனுக்கு விளங்கவில்லை. சொன்னேன். சிரித்துவிட்டு, "வையுங்கோ அண்ணை, அடுத்த ரிக்கற்றுக்கு உதவும்" என்றான்.

உறை இன்னும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அந்தத் தெருவால் போகும்போது நான் இப்பவும் 40 இல்தான் போகிறேன். பின்னால் வருகிறவர்கள் கோண் அடிக்கிறார்கள்.