அகில் மணக்கும் அரபு ஸ்திரீட்

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் சிராங்கூன் ரோட்டோடு திரும்பிவிடுகிறீர்கள். அடுத்த முறை சுல்தான் பள்ளிவாசல் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். அரபு ஸ்திரீட் அத்தர் கடை வாசலில் கால் தானாக நிற்கும்.

‘ஊது’ என்று கேளுங்கள். வேறொன்றுமில்லை, நம் அகில் எண்ணெய்தான், மலாய்க்காரர்களின் காஹாரு. புறங்கையில் ஒரு சொட்டு வைப்பார்கள். தேய்த்துவிடாதீர்கள். முதலில் மாட்டுக் கொட்டகை வாடை அடித்தால் முகம் சுளிக்கவும் வேண்டாம். கட்டையைப் பல நாள் நீரில் ஊறவைத்துக் காய்ச்சி வடிப்பதால் வரும் வாடை அது. கால் மணி நேரம் பொறுங்கள். புதுத் தோல் செருப்பின் வாசம் வரும். பிறகு தேன் கலந்தாற்போல் ஓர் இனிப்பு. கடைசியில் மழைவிட்ட காட்டின் ஈரக்கட்டை மணம். மறுநாளும் சட்டைக் கையில் இருக்கும். எடுத்த எடுப்பிலேயே இனித்து, அரை மணியில் ஓடிப்போகும் மலிவுச் சரக்குக்கு நம் மல்லிகைச் சரமே மேல்!

கித்தா வெட்டும் உங்களுக்கு இந்த மரத்தின் கதை எளிதில் புரியும். நோயில்லாத மரத்தின் கட்டை வெளுப்பு, மணமே இராது. காயம்பட்டுப் பூஞ்சை ஏறினால்தான், தன்னைக் காத்துக்கொள்ள மரம் கறுத்த பிசினைச் சுரக்கும். மணமெல்லாம் அதில்தான்.

தாவர நூலார் மலாக்காவின் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். நம் மலைக்காட்டு மரம். உள்ளே பிசின் உண்டா என்பது வெளியே தெரியாததால், வெறும் மரங்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். அதனால் 1995 முதல், பன்னாட்டு ஒப்பந்தப்படி அனுமதிச் சீட்டில்லாமல் எல்லை தாண்டி விற்க முடியாது. இப்போது நட்டு வளர்த்து, துளையிட்டுப் பிசின் வரவழைக்கிறார்கள்.

விலை தோலா கணக்கு. ஒரு தோலா ஏறக்குறைய 12 கிராம். நம் சம்பளத்துக்குக் கால் தோலாவே பெரிது. ஆனால் ஒரு விசேஷத்துக்கு ஒரு சொட்டுப் போதும்.